படிவத்தின் பின்பக்கம்

சுலோசனாவைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு கட்சிகள் உண்டு. கம்பெனிக்காரனிடம் தெருவையே காட்டிக்கொடுத்தவள் என்பது ஒரு கட்சி. பாவம், ஏமாந்துபோனாள் என்பது இன்னொன்று. முதல் கட்சியில்தான் கூட்டம். இரண்டாவதில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிறோம். அவளும் அடிக்கடி கட்சி மாறிவிடுகிறாள். நடந்ததில் எனக்கும் பங்கு இருப்பதால் நானே எழுதிவிடுகிறேன். என் பெயர் கஜபதி. அம்பத்தூரில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து மேனாம்பேடு போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

சுலோசனாவுக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது கரையான்சாவடி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் வானகரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலமெல்லாம் மனையான பிறகு அம்மா துணி ஏற்றுமதிக் கம்பெனியில் நூல் வெட்டப் போனாள், அப்பா வாட்ச்மேன் ஆனார். இவள் பிளஸ் டூ முடித்து, லேத் ஓட்டுகிற தங்கராஜைக் கட்டிக்கொண்டு அம்பத்தூர் வந்தாள். எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்தக் கம்பெனி ஒரகடத்துக்கு மூட்டை கட்டியபோது இவளைக் கூட அழைத்துப் போகவில்லை. அதன் பிறகுதான் சர்வே வேலைக்கு வந்தாள். சோப்பு, டி.வி., எலெக்‌ஷன், கொசு, கழிப்பறை என்று இருபது வருடத்தில் அவள் கேட்காத கேள்வி இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘சர்வே சுலோ’.

இந்தத் தொழிலில் ஒரு தில்லுமுல்லு உண்டு. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க அலுத்தவர்கள் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பத்து வீட்டுப் பதிலையும் தாங்களே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். மரத்தடிப் படிவம் என்று அதற்குப் பெயர். சுலோசனா அந்தப் பக்கமே போனதில்லை. ஷாம்பு சர்வே ஒன்றில், தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதரிடம் முப்பத்திரண்டு கேள்வியையும் கேட்டு, முப்பத்திரண்டு ‘இல்லை’யையும் எழுதிக்கொண்டு வந்தவள் அவள். அந்த மனிதர் அடிக்க வராதது ஆச்சரியம்.

“அவுங்க இன்னா சொல்றாங்களோ அத்த எழுதணும் கஜா. அவுங்க வாயில பேசறதுக்கு நான் யாரு?” என்பாள்.

மரத்தடி ஆட்களைப் பிடிப்பதற்காக மேற்பார்வையாளர்கள் சில வீடுகளுக்கு மறுபடி போய்ச் சரிபார்ப்பார்கள். படிவத்தில் பெயர் இருக்கக் கூடாது. ஆனால் எந்த வீடு என்று காட்டவும் வேண்டும். எங்கள் பக்கத்தில் கதவு எண்ணை வைத்து வீடு கண்டுபிடிப்பதென்றால் தபால்காரரே அழுதுவிடுவார். பழைய எண், புது எண், அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் முளைத்த எண் என்று ஒரே வாசலில் மூன்று இருக்கும். அதனால் சுலோசனா ஒவ்வொரு படிவத்தின் பின்பக்கமும் பென்சிலால் ஓர் அடையாளம் எழுதிவைப்பாள். ‘பச்சை கேட்டு, மாடியில் புறா.’ ‘ரேஷன் கடை சந்து, நாய் கடிக்கும்.’ சரிபார்ப்பு முடிந்ததும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரப்பரால் அழிப்பாள். அழித்த பிறகுதான் கட்டுக் கட்டி ஒப்படைப்பாள். ரப்பர் தூளையெல்லாம் என் கடையில் கொட்டுகிறாள் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

போன வருடம் பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் பேராசிரியர் கிருபாகரன் வந்தார். பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறவர். பெரிய கம்பெனிகள் இப்போது லாப நஷ்டக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள முடியாதாம். காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தோம், சுற்றியிருக்கிற ஜனங்களுக்கு என்ன செய்தோம் என்று வருடா வருடம் ஓர் அறிக்கை போட வேண்டுமாம். அப்படி அறிக்கை போடுகிற கம்பெனியால் அந்த வட்டாரத்தில் வேலையும் வசதியும் நிஜமாகவே கூடியிருக்கிறதா என்று நேரில் விசாரித்துப் பார்ப்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. எஸ்டேட்டில் இருக்கிற ஓர் உதிரிபாகக் கம்பெனியை அதற்கு எடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒருவர் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

ஆளைப் பார்த்ததும் எனக்கும் பிடித்துப்போனது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் சர்வேக்காரர்களைக் கல்லூரி வராந்தாவில் நிற்கவைத்து, படிவத்தைக் கையில் திணித்து அனுப்புவார்கள். இவர் சுலோசனாவை மேசையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். ‘எனது பணிச்சூழல் குறித்து நான் பெருமளவு திருப்தி கொள்கிறேன்’ என்று ஒரு கேள்வி இருந்ததாம். இவள் சிரித்துவிட்டாளாம்.

“இப்டிக் கேட்டா எவன் சார் பதில் சொல்லுவான்? கதவ சாத்திக்குவான். ‘வேல எப்டி கீது, நல்லா கீதா, சுமாரா கீதா, மோசமா கீதா’ன்னு கேளுங்க.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். “நீங்கதாம்மா என் கண்ணும் காதும். கட்டுரையில உங்க பேரைப் போட்டு நன்றி சொல்வேன்” என்றார்.

அன்று கடைக்கு வந்தவளைப் பார்க்க வேண்டுமே. “இருவது வருஷத்துல என்கிட்ட கேள்வி எப்டிக் கேக்கணும்னு கேட்ட மொத ஆளு கஜா” என்று மூன்று தடவை சொன்னாள். டீ கூட அவளே வாங்கிக் கொடுத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இரண்டு மாதம் அலைந்தாள். அதில் ஒரு வீடு மதுரைவீரனுடையது. கம்பெனியில் பிளேட்டிங் பகுதியில், அதாவது இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கி முலாம் பூசுகிற இடத்தில், பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் மனைவி பொன்னியம்மா அந்தக் கம்பெனி ஆட்களுக்கே இட்லி போட்டு விற்கிறவள். அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு சுலோசனா எனக்கு வரி விடாமல் சொன்னாள்.

“யக்கா, இதுல எம்பேரு வருமா?” என்று கேட்டிருக்கிறார் மதுரைவீரன்.

“வராதுடா வீரா.”

“எவனாச்சும் உன்னாண்ட வந்து கேட்டா?”

“சொல்ல மாட்டேன். எம்புள்ளைங்க மேல சத்தியம்.”

அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் அதிகாரிகள் வருகிற அன்று மட்டும்தான் ஓடுகிறது. மழை பிடித்துக்கொண்டால் தொட்டியைத் திறந்து பின்பக்கக் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்த ஆட்களுக்கு பூட்ஸ் கிடையாது. அவர் காலில் ஆறு மாதமாகப் புண் ஆறவில்லை. சுலோசனா சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். எப்படியும் அழிக்கத்தானே போகிறோம் என்று பின்பக்கம் பென்சிலால், ‘வாட்டர் டேங்க் எதிரில், வீரன், பிளேட்டிங், வலது காலில் கட்டு’ என்று குறித்தாள். பொன்னியம்மா இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாளாம்.

ஏப்ரல் கடைசியில் பேராசிரியர் காரில் என் கடைக்கே வந்தார். ஏதோ மாநாட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது, படிவங்களை அன்றே ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார். சுலோசனா பையிலிருந்து ரப்பரை எடுத்தாள்.

“சார், ரெண்டே நாளு டைம் குடுங்க. பின்னாடி அடையாளம் எழுதிக் கீறேன். அழிச்சிட்டுத் தர்றேன்.”

“அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா. என்ன, என்மேல நம்பிக்கை இல்லையா?”

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பதில் சொல்ல வராது. பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்த மனிதரிடம், நம்பிக்கை இல்லை என்று எப்படி முகத்துக்கு நேராகச் சொல்வது? அவள் ரப்பரைப் பைக்குள் போட்டாள். “சேச்சே, இன்னா சார் அப்டிக் கேட்டுட்டீங்க” என்று படிவக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். இருபது வருடத்தில் அழிக்காமல் அவள் கொடுத்த ஒரே கட்டு அதுதான்.

அவள் போன பிறகு நான் மெஷினைப் போட்டேன். “முன்பக்கம் மட்டுந்தானே சார்?” என்று கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் போடுங்க.”

“பின்னாடி வெறும் பென்சில் கிறுக்கல் சார்.”

“தெரியும். அது நல்லாத் தெரியற மாதிரி கொஞ்சம் டார்க்கா வைங்க.”

நான் டார்க்காக வைத்தேன். கடைக்கு வருகிறவர் சொல்கிறபடி செய்வதுதான் என் தொழில், அதில் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எடுபடவில்லை. ஒரு போன் போட்டு, ‘சுலோ, பின்பக்கத்தையும் கேட்கிறார்’ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மின்சாரம் போய்விடுமோ என்ற கவலையில் வேலையை முடித்துக் கொடுத்தேன்.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய வாரம், மதுரைவீரன் காலை ஷிஃப்டுக்குப் போனவர் பத்து மணிக்கே திரும்பினார். வீட்டுக்குப் போகாமல் நேராக சுலோசனா வாசலில் வந்து நின்றார். என் கடையிலிருந்து பார்த்தால் அவள் வாசல் தெரியும். வழக்கத்துக்கு மாறாக நிற்கிறாரே என்று நானும் போனேன்.

“இன்னா வீரா, வேலைக்குப் போவல?” என்றாள் சுலோசனா.

“நான் உன்னாண்ட சொன்னத ஏசி ரூம்புல குந்தவெச்சு எனக்கே படிச்சுக் காட்னாங்கக்கா. வலது காலுல கட்டுன்னுகூட அதுல கீது. பேண்ட்டத் தூக்கிக் காட்டச் சொன்னான். காட்னேன். ‘நாளைலேர்ந்து வராத’ன்னு பாஸ பிடுங்கிக்கினாங்க.”

“வீரா, நான் யாருக்கும்...”

“உன்னாண்ட மட்டுந்தானேக்கா சொன்னேன்.”

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை, சாபம் விடவில்லை. புண் காலைத் தாங்கித் தாங்கி வைத்து நடந்து போய்விட்டார். சுலோசனா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போனாள். இந்தத் தடவை நாற்காலி இல்லை. வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றாளாம். பேராசிரியர் கோபப்படவே இல்லை. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் நிதானமாகச் சொன்னாராம். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான், தகவலெல்லாம் அவர்களுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் இருக்கிறது, கேட்டார்கள், கொடுத்தாயிற்று. “படிவத்துல பேர் வராத மாதிரிதாம்மா நான் பண்ணியிருந்தேன். பின்னாடி பென்சில்ல எழுதியிருக்கறதை நான் பார்க்கவே இல்லை. விதியை மீறினது நீங்க. இதைப் பெரிசு பண்ணா உங்களுக்குத்தான் பிரச்சினை.”

பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து நேராகக் கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தப்பு எம்மேலதான் கஜா. நான்தான் எழுதி வெச்சுத் தொலைச்சேன். பாவம், சார் அத்தப் பாக்கவே இல்லியாம்.”

அந்த ‘பாவம்’தான் எனக்குப் பொறுக்கவில்லை. கழுத்தறுத்தவனுக்காகவும் இவள் பரிதாபப்படுகிறாளே! “பார்க்கலியா? டார்க்கா வெக்கச் சொன்னதே அந்த ஆளுதான் சுலோ” என்று போட்டு உடைத்தேன். அன்றைக்கு நடந்ததை முழுவதும் சொன்னேன்.

அவள் என் மெஷின் பக்கம் திரும்பினாள்.

“நீ வெச்சியா?”

“வெச்சேன்.”

“படிச்சியா?”

“ரெண்டு மூணு கண்ணுல பட்டுது.”

“எனக்கு ஒரு போன் பண்ணலியே நீ.”

எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு மாதம் என்னோடு அவள் பேசவில்லை. பேசியிருந்தால்தான் அதிசயம்.

செப்டம்பரில் கம்பெனியின் அறிக்கை வெளிவந்தது. தெருவில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, யாரோ என்னிடமே பிரிண்ட் போடக் கொண்டுவந்தார்கள். வழவழவென்று ஆங்கிலத்தில் நூற்றைம்பது பக்கம். கல்லூரிப் பேராசிரியரின் கள ஆய்வின்படி, இந்த வட்டார மக்களில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் கம்பெனியால் தங்கள் வாழ்க்கை உயர்ந்திருப்பதாகச் சொன்னார்களாம். எப்படி வந்தது எண்பத்தொன்பது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ‘சுமாரா கீது’ என்றவர்களையெல்லாம் திருப்தி என்ற பக்கம் தள்ளியிருந்தார்கள். பத்தொன்பது படிவங்கள் முழுமையாக இல்லாததால் நீக்கப்பட்டன என்றும் இருந்தது. மதுரைவீரனுடையதில் ஒரு கேள்விகூட விடுபடவில்லை; நான் ஸ்கேன் செய்தவன், எனக்குத் தெரியும். ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போது அந்தப் படிவம் முழுமையாகத்தான் இருந்திருக்கிறது. கணக்குப் போடும்போது மட்டும் செல்லாமல் போய்விட்டது. படித்தவர்கள் செய்கிற அயோக்கியத்தனம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு போட்டோ. சுலோசனா படிவ அட்டையோடு பொன்னியம்மாவின் வாசலில் உட்கார்ந்து வாய்நிறையச் சிரிக்கிறாள். கையில் இட்லித் தட்டு. சர்வே நடந்தபோது ஒருநாள் தெருவைப் பார்க்க வந்த பேராசிரியர் செல்போனில் எடுத்தது. கீழே, ‘மக்களோடு பேசும் எங்கள் நிறுவனத்தின் சமூகத் தொடர்புக் குழு’ என்று போட்டிருந்தது. நன்றி சொன்ன இடத்தில் கம்பெனி அதிகாரிகள் பதினான்கு பேர் இருந்தார்கள். சுலோசனா பெயர் எங்கேயும் இல்லை.

அந்தப் போட்டோ ஒரே நாளில் எல்லா போனுக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் யாரிடம் என்ன விளக்கம் சொல்லி என்ன? தண்ணீர் லாரி வரிசையில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். “கம்பெனிக்காரம்மா வந்துட்டாங்க, வழி உடுங்க” என்று அவள் காதுபடச் சொன்னார்கள். அவள் புருஷன் தங்கராஜ் லேத் பட்டறையில் ஒருவனோடு கைகலந்துவிட்டு உதடு கிழிந்து வந்தார்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மதுரைவீரன் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். அழிக்கிறேன் என்று சுலோசனா கேட்டதையும், பேராசிரியர் தடுத்ததையும், டார்க்காக வைக்கச் சொன்னதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடித்தால் அவள் பழி தீரும் என்று நினைத்தேன்.

மதுரைவீரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ ஏப்ரல்லயே ஒனக்கும் தெரியும். அப்டித்தானே அண்ணாத்தே?” என்றார்.

ஒருவன் சிரித்தான். ஒருத்தி, “ரெண்டு பேரும் கூட்டு” என்றாள். சுலோசனாவின் பழியைத் துடைக்கப் போய் அதில் என் கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் மழையில் கால்வாய் பொங்கித் தெருவுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் காலெல்லாம் சொறி. குழாய்த் தண்ணீரில் ஒரு நாற்றம். மாநகராட்சியிலிருந்து தண்ணீர், உடல்நலம் பற்றி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். எந்தத் தெருவில் புகார் அதிகமோ அங்கே முதலில் தண்ணீரைப் பரிசோதிப்பார்கள், மருத்துவ முகாம் போடுவார்கள் என்றார்கள். எங்கள் தெரு சுலோசனாவுக்கு வந்தது. அவள் கேட்டு வாங்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

கடை வாசலில் வந்து நின்று, “கூட வர்றியா கஜா? எனக்கு எவனும் கதவத் தெறக்க மாட்டான்” என்றாள். கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.

ஆனால் கதவெல்லாம் திறந்தது. முதல் வீட்டில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் நன்றாக இருந்தது. காலெல்லாம் மருந்து அப்பிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றாள். இருபத்தாறு வீடுகளில் இதே பதில். சுலோசனாவின் குரல் வீட்டுக்கு வீடு இறங்கிக்கொண்டே போனது.

இருபத்தேழாவதாகப் பொன்னியம்மாவின் வீடு. எங்களைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே மதுரைவீரன் பட்டப்பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“தண்ணி எப்டி கீது?” என்றாள் சுலோசனா.

“நல்லா கீது.”

“நாத்தம் எதுனா?”

“இல்ல.”

“ஊட்ல யாருக்காச்சும் புண்ணு, சொறி?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

சுலோசனா அட்டையைக் கீழே வைத்தாள். பொன்னியம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“பொன்னி, இது கம்பெனிக்கு இல்லடி. நெஜம் சொன்னா டாக்டருங்க வருவாங்க. தண்ணிய டெஸ்ட்டு பண்ணுவாங்க. நான் சுலோடி, என்னாண்ட சொல்ல மாட்டியா?”

“உன்னாண்டதான்க்கா சொல்றேன்” என்றாள் பொன்னியம்மா. “எல்லாம் நல்லா கீது. எழுதிக்கோ.”

சுலோசனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அட்டையை எடுத்து, நன்றாக இருக்கிறது என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.